கத்தரி நின்றால் தப்பு

அந்தத் தெருவில் சலூன்காரர் என்றால் ஒருத்தர்தான். வீட்டு முன்னறையே கடை. ஒரு சுழல் நாற்காலி, அதற்கு எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, பின்னால் காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவெல்லாம் கிடையாது, ஒரு திரைச்சீலைதான். உள்ளே பால் பொங்கினால் நாற்காலியில் இருப்பவருக்குத்தான் முதலில் வாசனை வரும். பிள்ளைகள் சண்டை போட்டால் பெஞ்சில் இருப்பவர்கள் பஞ்சாயத்துப் பண்ணுவார்கள்.

ஆளைப் பற்றிச் சொல்வதென்றால் கத்தரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவர் கையில் கத்தரி சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. முடியை வெட்டும்போது வெட்டும், சரி. சீப்பை மாற்றும்போதும், தலையைத் திருப்பி வைக்கும்போதும், வாசலில் போகிறவரைக் கூப்பிட்டு விசாரிக்கும்போதும் வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும். சக்கு சக்கு சக்கு. தொழில் பழகின நாளில் ஒட்டிக்கொண்டது, விடவில்லை. கை நின்றுபோனால் தாளம் போய்விடும் என்பார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போய், அது கேட்காத அன்றைக்குத்தான் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் ரெண்டு பேர். பெரியவள் நாலாவது படிக்கிறாள், சின்னவள் ரெண்டாவது. அவர்களுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. மதியத்துக்கு மேல் போனால் இருட்டினபிறகுதான் திரும்புவாள். ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைகள் அப்பா பொறுப்பு. பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று கடையைச் சாத்த முடியுமா? முடியாது. பெஞ்சின் ஒரு முனையில் ரெண்டு பேரும் பையோடு உட்கார்ந்துவிட வேண்டும். அப்பா வெட்டிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துக் கேள்வி கேட்பார். பெரியவள் கண்ணாடியில் தெரிகிற அப்பாவைப் பார்த்துப் பதில் சொல்வாள்.

“ஆறேழு?”

சக்கு சக்கு சக்கு.

“நாப்பத்திரண்டு.”

“எட்டொன்பது?”

“எழுபத்தி... நாலு. இல்லப்பா, எழுபத்திரண்டு.”

“அதானே. ஏழெட்டு?”

“அம்பத்தாறு.”

பெஞ்சில் இருப்பவர்கள் அசந்துபோவார்கள். அதிலும் கண்டக்டர் தாத்தாவுக்கு இந்தக் கூத்தைப் பார்ப்பதில் தனிக் குஷி. பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறவர். வாரம் தவறாமல் வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வார். தலையில் வெட்டுவதற்கு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம், அவ்வளவுதான். வருவதே பேச்சுக்கு. சலூன்காரரும் மரியாதைக்கு அந்த நாலு முடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றை வெட்டிக்கொண்டிருப்பார்.

“தம்பி, எழுதி வச்சுக்கோ. இவ கணக்குப் புலியாத்தான் வரப்போறா” என்பார் கண்டக்டர்.

“எல்லாம் உங்க வாய் முகூர்த்தம்ணே” என்று சலூன்காரர் அடக்கமாகச் சொல்வார். அடக்கம் வாயோடு சரி. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் பூரிப்பு வழியும்.

இப்படிப்பட்ட பிள்ளை கணக்கில் தேறவில்லை, வந்து பாருங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும்? வந்ததே கோபம். மறுநாள் காலை கடையைத் திறக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு, பெரியவளை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீச்சரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே மிதித்தார்.

டீச்சர் நிதானமான ஆள். வகுப்பு ஆரம்பிக்க நேரம் இருந்தது. பெஞ்சுகள் காலியாக இருந்தன. அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பெரியவளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார். சலூன்காரர் எதிரே நின்றார்.

“வீட்டுல இவளுக்குப் பெருக்கல் தண்ணி பட்ட பாடு டீச்சர். என் கடைக்கு வர்ற எல்லாரும் சாட்சி. நீங்க வேணா இப்பவே கேளுங்க” என்றார். கத்தரி இல்லாத கைக்கு வேலை வேண்டுமே, சைக்கிள் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

டீச்சர் கேட்டார். ஆறேழு, எட்டொன்பது, ஒன்பதேழு. பெரியவள் டீச்சரைப் பார்க்கவில்லை. குனிந்த தலையை லேசாகத் தூக்கி அப்பாவின் கைப்பக்கம் பார்த்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் சரி. சலூன்காரருக்கு மார்பு விரிந்தது. டீச்சருக்கே ஆச்சரியம்.

“இன்னிக்கு என்னவோ சொல்றா. வகுப்புல கேட்டா ஒரு பதில்லயும் நிலையா நிக்க மாட்டா” என்றார். “சரி, வகுத்தலுக்கு வருவோம். முப்பத்தாறை நாலால வகுத்தா என்ன வரும்?”

“ஒன்பது” என்றாள் பெரியவள். சொன்னதும் ஒரு விழி விழித்தாள். “இல்ல டீச்சர். எட்டு.”

“ஏன் மாத்தினே?”

பெரியவள் மறுபடி அப்பாவின் கைப்பக்கம் பார்த்தாள்.

“அம்பத்து நாலை ஆறால வகு.”

“ஒன்பது... இல்ல, ஏழு.”

டீச்சர் சலூன்காரரைப் பார்த்தார். “பார்த்தீங்களா. எப்பவும் இதேதான். முதல்ல சொல்றது சரி. அடுத்த நிமிஷம் அதை அவளே அழிச்சுடறா. எனக்கு என்ன பண்றதுன்னு புரியலை. அடுத்த வகுப்புல நீளமான வகுத்தல் எல்லாம் வருது. இப்படியே அனுப்பினா மூழ்கிப்போயிடுவா. வருஷக் கடைசியில வாய்க்கணக்கு கேட்பேன். அன்னிக்கும் இப்படித்தான்னா இன்னொரு வருஷம் இதே வகுப்புல இருக்கட்டும். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. டீச்சர் ஒரு யோசனையும் சொல்லி அனுப்பினார். வகுத்து வருகிற விடையைத் திருப்பிப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், சரியா தப்பா என்று அவளுக்கே தெரிந்துவிடும் என்றார். சலூன்காரர் தலையை ஆட்டினார். அது காதில் விழுந்ததே தவிர மனசில் இறங்கவில்லை.

அன்று சாயந்தரம் பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். “அப்பா, நான் இதே கிளாஸ்ல நின்னுக்கிட்டே இருந்தா சின்னவ வந்து என் பக்கத்துல உட்கார்ந்துடுவாளா?”

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்றார். சொல்லிவிட்டாரே ஒழிய, அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

இந்த இடத்தில் சலூன்காரரின் வண்டவாளம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மனுஷனுக்குப் பெருக்கல் வரும், வாய்ப்பாடு பத்துவரை தலைகீழாகச் சொல்வார். வகுத்தல் என்றால் மட்டும் உதறல். ஐந்தாவது படிக்கையில் ஒருநாள் வாத்தியார் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, தொண்ணூற்றொன்றை ஏழால் வகு என்றார். ஏழாம் வாய்ப்பாட்டில் தொண்ணூற்றொன்று எங்கே இருக்கிறது? எழுபதோடு முடிந்துவிடுகிறதே. இருந்தாலும் யோசித்து ஏதோ ஒன்றை எழுதினார். வாத்தியார் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எழுதினதை உள்ளங்கையால் அழித்துவிட்டார். அழித்தபிறகு எழுத வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. மணி அடிக்கிறவரை அந்தப் பலகை முன்னாலேயே நின்றார், வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்த வருஷத்தோடு படிப்பும் நின்றது. அதற்கு வேறு காரணங்கள் இருந்தன, ஆனால் அவர் மனசில் தொண்ணூற்றொன்றும் ஏழும்தான் காரணமாகத் தங்கிவிட்டன.

அதனால்தான் பெரியவளை அவ்வளவு பாடாய்ப் படுத்தினார். பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து பயிற்சி இரட்டிப்பானது. காதோரம் வெட்டும்போது பெருக்கல், பிடரிக்கு வந்தால் வகுத்தல். பெருக்கலில் பழையபடி மழையாகப் பொழிந்தாள். வகுத்தலில் ஒன்றைச் சொல்வாள், மாற்றுவாள், மறுபடி மாற்றுவாள், கடைசியில் கண்ணில் தண்ணீர் நிற்கும். “என்னம்மா இது, இவ்வளவு நேரம் நல்லாத்தானே சொன்னே” என்பார். தான் தொண்டை வறளக் கத்தியும் ஏறவில்லையே என்று அவருக்கு ஆற்றாமை. பெஞ்சில் இருப்பவர்களும் சும்மா இல்லை, ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வெண்டைக்காய் கொடு என்றார் ஒருத்தர். கண்ணைச் சோதித்துப் பார் என்றார் இன்னொருத்தர்.

விஷயம் வெளியே வந்தது சின்னவளால். கடைக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அன்றைக்குச் சலூன்காரர் திரைச்சீலைக்கு உள்பக்கம் வீட்டில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார். பெரியவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கடைக்குள் சின்னவள் தன் கரடி பொம்மையை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைக் கட்டி, காகிதம் வெட்டுகிற மொண்ணைக் கத்தரியை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இன்னொரு பொம்மை.

“மூணஞ்சு?” என்று கேட்டாள், அப்பா குரலில். கத்தரி சக்கு சக்கு என்றது.

“பதினாலு” என்று பெஞ்சு பொம்மைக்காக அவளே மெல்லிய குரலில் சொன்னாள். கத்தரியை நிறுத்தினாள். ஒரு நொடி சத்தமே இல்லை. “இல்லப்பா, பதினஞ்சு” என்றாள் பொம்மை. கத்தரி மறுபடி ஓட ஆரம்பித்தது.

சலூன்காரர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். திரையை விலக்கினார்.

“ஏய் சின்னவளே, நடுவுல ஏன் நிறுத்தினே?”

“தப்பு சொல்லிச்சுல்ல.”

“தப்பு சொன்னா தப்புன்னு சொல்றது. கத்தரியை ஏன் நிறுத்தறே?”

சின்னவள் அப்பாவை, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தாள். “நீ அப்படித்தானே பண்றே. கத்தரி நின்னா தப்பு. ஓடினா சரி. அக்காதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தா.”

தன் கை அப்படிச் செய்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அதெல்லாம் இருக்காது, குழந்தை ஏதோ உளறுகிறது என்று முதலில் தள்ளிவிடப் பார்த்தார். முடியவில்லை. மறுநாள் சாயந்தரம் கடையில் ஒரு சோதனை வைத்தார்.

“ஆறேழு?”

“நாப்பத்திரண்டு.”

வேண்டுமென்றே கத்தரியை நிறுத்தினார். கண்ணாடியில் பெரியவளின் முகம் மாறியது. “இல்லப்பா... நாப்பத்தெட்டு.” இன்னும் நிற்கிறது. “முப்பத்தாறு?” இன்னும் நிற்கிறது. “நாப்பத்தி... அப்பா, தெரியலப்பா.”

ஆறேழு நாற்பத்திரண்டு. நூறு தடவை சொன்ன பிள்ளை. நாற்காலியில் இருந்த ஆள் வெட்டு முடிந்துவிட்டதா என்று தலையைத் தடவிப் பார்த்தார். சலூன்காரர் மறுபடி வெட்ட ஆரம்பித்தார், அதற்கப்புறம் அன்றைக்குக் கேள்வியே கேட்கவில்லை.

மறுநாள் காலை கடை திறக்குமுன் புருஷனும் பெண்டாட்டியும் பெஞ்சில் உட்கார்ந்து துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுடைய தினப்படி வேலை, பேசிக்கொள்ள வாய்க்கிற நேரமும் அதுதான். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மடித்துக்கொண்டே கேட்டாள்.

“பெருக்கல் புரியுது. நீங்க நிறுத்தினா மாத்தறா. வகுத்தல்ல சரியாச் சொல்லிட்டு ஏன் மாத்தறா?” என்றாள்.

“அதான் எனக்கும் புரியலை.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “முப்பத்தாறை நாலால வகுத்தா எத்தனைங்க?”

அவர் கையில் இருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது. “ஒன்பது” என்று மெதுவாகச் சொன்னார். “ஒன்பதுதானே?”

“ஒன்பதுதான். ஆனா கை நின்னுச்சு பாருங்க. உங்களுக்கே சந்தேகம். அவ சரியாச் சொன்னாலும் உங்க கத்தரி நிக்கும். அவளுக்கு அது தப்புன்னு அர்த்தம். பாவம், அவ என்ன பண்ணுவா?”

சலூன்காரருக்குச் சைக்கிள் சாவி ஞாபகம் வந்தது. டீச்சர் வகுத்தல் கேட்டபோது விரலில் சுற்றிக்கொண்டிருந்த சாவி சட்டென்று உள்ளங்கையில் விழுந்தது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். தன் பயத்தையல்லவா தினமும் சாயந்தரம் பெஞ்சில் உட்காரவைத்து அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்? துண்டை முகத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டார்.

“துவைச்ச துண்டுங்க அது” என்றாள் அவள், வேண்டுமென்றே கடுமையாக. பிறகு குரலை இறக்கி, “டீச்சர் என்னவோ வழி சொன்னாங்கன்னீங்களே” என்றாள்.

திருப்பிப் பெருக்கிப் பார்ப்பது. அப்போதுதான் அது மனசில் இறங்கியது. அவளே ஒரு சட்டமும் போட்டாள். இனிமேல் அவர் சரி என்றும் சொல்லக்கூடாது, தப்பு என்றும் சொல்லக்கூடாது. என்ன பதில் வந்தாலும் கத்தரி நிற்கக்கூடாது. பெரியவள் தானே திருப்பிப் பெருக்கிப் பார்த்து, தன் வாயால் ‘சரி’ சொன்னால்தான் அடுத்த கேள்வி.

“நீங்களும் கொஞ்சம் பழகுங்க” என்று மடித்த துண்டுகளை அவர் முன்னால் தள்ளினாள். “இதை நாலு அடுக்கா சமமாப் போடுங்க பார்ப்போம்.”

ஆளில்லாத நேரத்தில் அவர் துண்டுகளை அடுக்கிப் பார்த்தார். மூன்று அடுக்காக, ஆறு அடுக்காக. மீந்ததைத் தோளில் போட்டுக்கொண்டார். யாராவது உள்ளே வந்தால் தூசி தட்டுவதுபோல் ஒரு உதறு உதறி வைத்துவிடுவார்.

சட்டம் போடுவது லேசு. கை கேட்க வேண்டுமே. ஆரம்பத்தில் பெரியவள் தவித்துப்போனாள். தப்பாகச் சொன்னாலும் சக்கு சக்கு, சரியாகச் சொன்னாலும் சக்கு சக்கு. கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள், அங்கேயும் ஒன்றும் கிடைக்காது. அவரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

“சரியாப்பா?”

“எனக்கென்ன தெரியும்? திருப்பிப் பெருக்கிப் பாரு.”

“சொல்லேம்பா.”

“அம்மா திட்டுவா.”

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு விரல் விட்டுப் பெருக்குவாள். சில நாள் கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சலூன்காரருக்கும் அது பெரிய தண்டனைதான். பிள்ளை தப்புச் சொல்லும்போது கையை நிறுத்தாமல் வெட்டுவது என்ன சாமானியமா? அந்த நாட்களில் அவரிடம் தலையைக் கொடுத்தவர்கள் சிலர் நினைத்ததைவிடக் குட்டையான முடியோடு வீடு திரும்பினார்கள். ஒருத்தருடைய கிருதா ஒரு பக்கம் காதுக்கு மேலேயே முடிந்துவிட்டது. கேட்டதற்கு இப்போது இப்படித்தான் எல்லாரும் வைக்கிறார்கள் என்று பூசி மெழுகினார்.

மெல்ல மெல்ல ஒரு மாற்றம் வந்தது. பெரியவள் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டாள். கேள்வி வந்ததும் தரையைப் பார்ப்பாள், உதடு அசையும், பதில் சொல்வாள், மறுபடி உதடு அசையும், “சரி” என்பாள். சில சமயம் “தப்பு, இரு” என்று தானே சொல்லிக்கொண்டு திருத்துவாள். அந்த “தப்பு, இரு” கேட்கும்போதெல்லாம் சலூன்காரருக்குச் சந்தோஷம் தாங்காது. கத்தரியை மட்டும் விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. ஓடுகிற கத்தரிக்குப் பழகிவிட்டாள், சரி. நாளைக்கு டீச்சர் முகம் சுளித்தால்? பேனாவைக் கீழே வைத்தால்? யாராவது ஒருத்தர் முன்னால் வந்து பேசாமல் நின்றால்? அப்போதும் இவள் தன் பதிலை விடாமல் பிடித்துக்கொள்வாளா? அதைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் அவருக்கு வரவில்லை.

வாய்க்கணக்குக்கு முந்தின நாள் சாயந்தரம் கண்டக்டர் தாத்தா நாற்காலியில் இருந்தார். சின்னவள் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இருந்த வகுத்தல் எல்லாம் கேட்டு முடிந்துவிட்டது.

“எல்லாம் பழசுப்பா. புதுசா ஒண்ணு கேளு” என்றாள் பெரியவள்.

சலூன்காரர் யோசித்துக் கேட்கவில்லை. எங்கேயிருந்து வந்ததோ, வாய் தானாகக் கேட்டுவிட்டது. “தொண்ணூத்தொண்ணை ஏழால வகு.”

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. துண்டை அடுக்கிப் பார்த்தவர்தான், இந்தக் கணக்கின் பக்கம் மட்டும் அவர் போனதே இல்லை. அன்றைக்கு எழுதி அழித்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

பெரியவள் தரையைப் பார்த்தாள். ஏழாம் வாய்ப்பாட்டில் அது இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், புருவம் சுருங்கியது. உதடு கொஞ்ச நேரம் அசைந்துகொண்டே இருந்தது.

“பதிமூணு” என்றாள்.

கத்தரி நின்றுவிட்டது.

அவர் நிறுத்தவில்லை, அது நின்றது. கண்டக்டரின் காதுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றது. இத்தனை வாரம் கட்டிக் காத்ததெல்லாம் போச்சே என்று நினைத்தார். விரலை அசைக்கப் பார்க்கிறார், முடியவில்லை.

“அக்கா, நின்னுடுச்சு” என்று சின்னவள் கிசுகிசுத்தாள்.

பெரியவள் தலையைத் தூக்கினாள். கண்ணாடியில் அந்தக் கத்தரியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது, மூடியது. கண்ணை இறக்கிக்கொண்டு வாய்விட்டே சொன்னாள்: “ஏழு பத்து எழுபது. ஏழு மூணு இருபத்தொண்ணு. எழுபதும் இருபத்தொண்ணும் தொண்ணூத்தொண்ணு.”

மறுபடி நிமிர்ந்தாள். கத்தரி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.

“நின்னா நிக்கட்டும்” என்றாள். “பதிமூணுதான். சரி.”

கண்டக்டர் தாத்தா கண்ணாடியில் சலூன்காரரைப் பார்த்துவிட்டு, ஏதோ கேட்க வந்தவர் கேட்காமல் விட்டார். “வெட்டினது போதும் தம்பி. இருக்கறதாவது இருக்கட்டும்” என்று தானே துணியை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் சலூன்காரர் பெரியவளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு வெட்டின தலைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. சாயந்தரம் பெரியவள் ஓடி வந்தாள். மேல் வகுப்புக்குப் போகலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். ஒரே ஒரு கணக்கு தப்பாம்.

“எட்டாம் வாய்ப்பாட்டுல ஒண்ணு குழப்பிட்டேன்பா. டீச்சர் நல்லா யோசின்னு சொன்னாங்க. நான் யோசிச்சுட்டேன் டீச்சர்னு சொல்லிட்டேன்.”

“அப்புறம்?”

“தப்புதான்னாங்க. ஆனா சிரிச்சாங்க.”

அப்பாவும் சிரித்தார். சின்னவளுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம், அக்கா பக்கத்தில் உட்காரலாம் என்று அவள் எண்ணி வைத்திருந்தாள்.

வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் போனபிறகு சலூன்காரர் தரையில் கிடந்த முடியைக் கூட்டி ஓரமாகத் தள்ளினார். பெரியவள் சீப்புகளைக் கழுவி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“நேத்து ஒரு கணக்கு கேட்டேன்ல. சின்ன வயசுல எங்க வாத்தியாரு என்கிட்ட அதைக் கேட்டாரு.”

“தொண்ணூத்தொண்ணா?”

“ம். போர்டுல எழுதச் சொன்னாரு. நானும் பதிமூணுன்னுதான் எழுதினேன்.”

“சரிதானே அது.”

“அழிச்சுட்டேன்.”

பெரியவள் சீப்பைத் துடைப்பதை நிறுத்தினாள். “ஏம்பா அழிச்சே?”

“வாத்தியாரு பின்னாடி வந்து ஒண்ணும் பேசாம நின்னாரும்மா. தப்புபோலன்னு நினைச்சுட்டேன்.”

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு ஈரக் கையோடு வந்து அவர் கையைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். மேசையில் இருந்த சாக்பீஸை எடுத்தாள். விடுமுறை நாட்களில் ‘இன்று கடை இல்லை’ என்று எழுதி வாசலில் மாட்டுகிற சின்னப் பலகையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“இப்போ எழுதுப்பா” என்றாள்.

அவர் எழுதினார். அவள் பின்னால் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் பேசவில்லை. அவர் அழிக்கவில்லை.